மருந்துப் பொடியைக் குவளையில் அளப்பது எப்படி? காப்பி, மிளகுத் தோட்டக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சேர்வராயன் மலையில் மருந்து கலக்கும் இடத்தில் பேரல் இருக்கும், கலக்கக் குச்சி இருக்கும், டேங்க் இருக்கும். தராசு மட்டும் இருக்காது. அதன் இடத்தில் ஒரு டீ டம்ளரோ, காலித் தீப்பெட்டியோ, எப்போதோ வாங்கிய வேறொரு மருந்து டப்பாவின் மூடியோ கிடக்கும். "டேங்குக்கு ரெண்டு மூடி" என்று கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்த மூடி எத்தனை கிராம் பிடிக்கும் என்று கேட்டால் பதில் வராது.

குவளையால் அளப்பதில் தவறு ஒன்றும் இல்லை. பனி மூடிய காலையில், சரிவான நிலத்தில், ஈரக் கையோடு தராசை வைத்துக்கொண்டு யாரும் வேலை செய்ய முடியாது. ஆனால் அந்தக் குவளையை முதலில் வீட்டில் தராசோடு பழக்கியிருக்க வேண்டும், அதாவது அது எத்தனை கிராம் பிடிக்கிறது என்று எடை போட்டுச் சரிசெய்திருக்க வேண்டும். அப்படிப் பழக்கிய குவளை, அந்த ஒரு பொடிக்கு மட்டும், ஒரே விதமாக நிரப்பப்பட்டால், நூற்றுக்கு மூன்று நான்கு வரையான பிசகோடு நிற்கும். நோய் மருந்துக்கு அது போதும். பழக்காத மூடியில் ஒன்றரை மடங்கு போனாலும் தெரியாது, முக்கால் பங்கு போனாலும் தெரியாது.

கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். தராசைச் சோதிக்கும் முன் குவளைக்கான குழாய்த் துண்டை அறுத்துவிட்டால் இரண்டையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

1. எந்தப் பொடியைக் குவளையில் அளக்கலாம் என்று முதலில் பிரியுங்கள்

எல்லாப் பொடியும் குவளைக்கு ஒத்துவராது. நீரில் கலக்கும் நுண்பொடி மருந்துகள், உதாரணமாக 50 சதவீத காப்பர் ஆக்ஸிகுளோரைடு, குவளைக்கு ஏற்றவை. பொடி ஒரே சீராக இருக்கும், அளவு கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பொறுத்துப்போகும்.

மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) நேராகக் குவளையில் அளக்காதீர்கள். கடையில் அது கல்லாகவும் வரும், சர்க்கரை போன்ற பொடிப்படிகமாகவும் வரும், நைசாகவும் வரும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்றுதான் இருக்கிறது. ஒரே டம்ளரில் கல்லைப் போட்டால் ஓர் எடை, பொடியைப் போட்டால் வேறோர் எடை. சுட்ட சுண்ணாம்புக் கட்டிக்கும் இதே சங்கடம்தான். இவை இரண்டுக்கும் வேறு வழி இருக்கிறது, 8-ஆம் படியில் சொல்கிறேன்.

போரான் சத்துக்காகத் தரும் போரிக் அமிலம் போன்றவற்றை எப்போதும் எடை போட்டே கொடுங்கள். செடிக்குப் போரான் பற்றாக்குறையாவதற்கும் மிகுந்து கெடுதியாவதற்கும் இடைவெளி குறுகலானது. மருந்தில் பொறுத்துப்போகும் பிசகு இங்கே இலை விளிம்பைக் கருக்கிவிடும்.

2. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

0.1 கிராம் வரை காட்டும் சிறிய எலக்ட்ரானிக் தராசு ஒன்று. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் இருக்கும் நுட்பமான வகை தேவையில்லை, 500 கிராம் வரை தாங்கும் சாதாரணமானது போதும். சமையலறைத் தராசு 1 கிராம் படியில்தான் காட்டும். 40 கிராம் அளவுக்கு அதுவும் பரவாயில்லை, 5 கிராம் அளவுக்கு உதவாது.

முத்திரையிட்ட எடைக்கல் ஒன்று, 100 அல்லது 200 கிராம். மளிகைக் கடையில் கேட்டு அரை மணி நேரத்துக்கு வாங்கிக்கொள்ளலாம்.

ஓர் அங்குலத்தை ஒட்டிய பிவிசி குழாய்த் துண்டு, அதற்குத் தட்டையான அடிமூடி, இரும்பு ஸ்கேல், அழியாத மை பேனா, காய்ந்த துணி, ஒரு நோட்டு.

கையுறை, முகக்கவசம், கண்ணாடி. பொடி காற்றில் எழும் என்பதால் அளக்கும் நேரத்தில்தான் மூக்குக்குள் அதிகம் போகிறது. தெளிக்கும்போது கவசம் போட்டுவிட்டு, கலக்கும்போது கழற்றி வைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். வரிசை தலைகீழாக இருக்கிறது. இந்த வேலைக்கு எடுத்த கரண்டி, குவளை எதுவும் திரும்பச் சமையலறைக்குள் போகக் கூடாது.

மருந்துப் பொட்டலத்தின் சீட்டையும் எடுத்துவையுங்கள். லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதை அதிலிருந்து எடுக்க வேண்டும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாயிலிருந்து அல்ல.

3. டேங்குக்கு எத்தனை கிராம் என்று கணக்கிடுங்கள்

குவளையின் அளவு டேங்கின் அளவைப் பொறுத்தது. அதனால் டேங்க் உண்மையில் எவ்வளவு பிடிக்கிறது என்று லிட்டர் பாட்டிலால் ஊற்றிப் பாருங்கள். 16 லிட்டர் என்று எழுதியிருந்தாலும், நம் ஆட்கள் கழுத்து வரை நிரப்புவார்களா, சற்றுக் கீழே நிறுத்துவார்களா என்பதுதான் நமக்கு வேண்டும்.

சீட்டில் லிட்டருக்கு 2.5 கிராம் என்று இருந்து, டேங்கில் 16 லிட்டர் ஊற்றினால் 40 கிராம். இந்த 40 கிராமைத்தான் கீழே முழுவதும் உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

ஒரு டேங்குக்கு ஒரு குவளை என்று வருமாறு அமையுங்கள். இரண்டரைக் குவளை, ஒன்றேகால் குவளை என்று வைத்தால் வேலை நடுவில் எண்ணிக்கை தப்பும். அரைக் குவளை என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும், அதைத் தலைதட்ட, அதாவது வாய்க்கு மேல் குவிந்ததை ஸ்கேலால் வழித்துவிட, வழியே இல்லை.

4. தராசைச் சோதியுங்கள்

ஆடாத மேசை மேல், வீட்டுக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு வையுங்கள். 0.1 கிராம் காட்டும் தராசுக்கு ஜன்னல் காற்றே போதும், எண் ஓடிக்கொண்டே இருக்கும்.

போட்டவுடன் எடை போடாமல் சில நிமிடம் விட்டு, பூஜ்ஜியம் நிற்கிறதா என்று பாருங்கள். எடைக்கல்லை நடுவில் வைத்துப் படியுங்கள். பிறகு தட்டின் நான்கு ஓரங்களிலும் வைத்துப் படியுங்கள். ஓரத்தில் வைத்தால் எண் மாறுகிறது என்றால் அந்தத் தராசில் எப்போதும் நடுவிலேயே வைக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் வைத்தே 100 கிராம் கல் 97 காட்டினால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அப்புறமும் அதே என்றால் வேறு தராசு வாங்க வேண்டியதுதான்.

சேலத்தில் சரிபார்த்த தராசு மேலே ஏற்காட்டில் வேறு எடை காட்டுமா என்ற சந்தேகம் சிலருக்கு உண்டு. காட்டும். 1,200 மீட்டர் ஏறினால் புவியீர்ப்பு கொஞ்சம் குறைகிறது, அந்த வித்தியாசம் 1 கிலோவுக்கு அரை கிராம்கூட இல்லை. மறந்துவிடலாம்.

5. குவளையின் வாயைக் குறுக்குங்கள்

அளவில் வரும் பிசகு பெரும்பாலும் குவளையின் வாயில்தான் பிறக்கிறது. தலைதட்டும்போது மேலே ஒரு மில்லிமீட்டர் கூடவோ குறையவோ நிற்பதை யாராலும் தவிர்க்க முடியாது. அந்த ஒரு மில்லிமீட்டர் எத்தனை கிராம் என்பதை வாயின் அகலம் தீர்மானிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். பொடி ஒரு மில்லிக்கு 0.6 கிராம் என்று வைத்துக்கொண்டால் 40 கிராமுக்குச் சுமார் 67 மில்லி இடம் வேண்டும். 7 செ.மீ. அகல வாயுள்ள கிண்ணத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது 3.8 மில்லி, அதாவது 2.3 கிராம். நூற்றுக்கு ஆறு அங்கேயே போய்விட்டது. 3 செ.மீ. அகலக் குழாயில் அதே ஒரு மில்லிமீட்டர் 0.7 மில்லிதான், 0.4 கிராம். நூற்றுக்கு ஒன்று.

அதனால்தான் குழாய்த் துண்டு. 3 செ.மீ. உள்விட்டமுள்ள குழாயில் 40 கிராமுக்கு ஏறக்குறைய 9.5 செ.மீ. உயரம் வரும். முதலில் 11 செ.மீ. விட்டு அறுங்கள். அதிகம் இருந்தால் பின்னால் குறைக்கலாம், குறைவாக அறுத்ததை நீட்ட முடியாது. அறுத்த வாயை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்குங்கள். பிசிறு இருந்தால் ஸ்கேல் அதன் மேல் ஏறி இறங்கும்.

அடிமூடி உள்பக்கம் தட்டையாக இருக்கட்டும். மூலை முடுக்கு இருந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பொடி அங்கே தங்கும். குழாய் இன்னும் குறுகலாக இருந்தால் நல்லதுதானே என்று அரை அங்குலக் குழாய்க்குப் போகாதீர்கள். நுண்பொடி நடுவில் பாலம் கட்டி நின்றுவிடும், அடியில் வெற்றிடம் இருப்பது மேலிருந்து தெரியாது.

6. பொடியை ஒரு நிலைக்குக் கொண்டுவாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இந்தப் படியை அவசரப்படாமல் படியுங்கள்.

பொடிக்கு நிலையான கனம், அதாவது ஒரு மில்லிக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு, கிடையாது. தளர்வாக இருந்தால் ஒரு கனம், தட்டி அமுக்கினால் வேறொரு கனம். தட்டிய கனத்தைத் தளர்ந்த கனத்தால் வகுத்தால் வரும் எண் 1.25-க்கு மேல் போனால் அது நன்றாக ஒழுகாத பொடி. அதாவது அதே குவளையை மேசையில் நன்றாகத் தட்டித் தட்டி நிரப்பினால் நூற்றுக்கு இருபத்தைந்து கூடுதலாகப் பிடித்துவிடும். மாவு போன்ற நுண்மருந்துகள் பலவும் இந்த வகைதான்.

இப்போது நம் ஊர் நிலைமையை யோசியுங்கள். பொட்டலம் சேலத்தில் வாங்கப்படுகிறது. பைக்கின் பையில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறது. வழி நெடுகக் குலுங்கிக் குலுங்கி உள்ளே பொடி இறுகிவிடுகிறது. வந்தவுடன் பிரித்து அளந்தால் ஓர் எடை, கரண்டியால் கிளறிக் கிளறிப் பாதி தீர்ந்தபின் அளந்தால் வேறோர் எடை.

தீர்வு எளிது. பொட்டலத்தைப் பிரித்ததும் முழுவதையும் மூடியுள்ள அகலமான டப்பாவில் கொட்டுங்கள். மூடிவிட்டு, டப்பாவை மெதுவாக நாலைந்து தடவை தலைகீழாகப் புரட்டுங்கள். புழுதி அடங்க ஒரு நிமிடம் விட்டுத் திறங்கள். கட்டி இருந்தால் கையுறை விரலால் நசுக்குங்கள். இதை வீட்டில் குவளையைப் பழக்கும்போதும் செய்ய வேண்டும், தோட்டத்தில் அளக்கும் ஒவ்வொரு காலையும் செய்ய வேண்டும். இரண்டு இடத்திலும் பொடி ஒரே தளர்வில் இருந்தால்தான் வீட்டு எண் தோட்டத்தில் செல்லும்.

அடுத்தது ஈரம். மலை மேல் மழைக்காலத்தில் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்தால் மறுநாள் கட்டி தட்டியிருக்கும். கட்டி தட்டிய பொடி குவளையில் இடைவெளி விட்டு நிற்கும், எடை குறையும். உலர்ந்த நாளில் அளந்த எண்ணை ஈரப் பொடிக்குப் பயன்படுத்தாதீர்கள். காற்றுப் புகாத டப்பா என்பது இங்கே வசதிக்காக அல்ல, அளவுக்காக.

7. பத்து முறை நிரப்பி எடை போடுங்கள்

நிரப்பும் முறையை முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றாதீர்கள். நான் சொல்லிக்கொடுப்பது இப்படி. குவளையை டப்பாவுக்குள்ளேயே நிற்க வையுங்கள். கரண்டியால் பொடியை எடுத்து, வாய்க்கு நான்கு விரல் உயரத்திலிருந்து உதிர்த்து, மேலே குவியும் வரை நிரப்புங்கள். குவளையைத் தட்டாதீர்கள், குலுக்காதீர்கள். ஸ்கேலைக் குவளை வாயில் செங்குத்தாக நிறுத்தி ஒரே இழுப்பில் தலைதட்டுங்கள். அமுக்கிக்கொண்டு இழுத்தால் மேல்பொடி இறுகும், திரும்ப இழுத்தால் பள்ளம் விழும்.

குவளையாலேயே கோரி எடுப்பது வேகமானதுதான். ஆனால் கோரும் கையின் பலம் பொடியை அமுக்குகிறது, ஒரு கை இன்னொரு கை மாதிரி கோராது. அதனால் உதிர்த்து நிரப்புவதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று முக்கியம். தோட்டத்தில் நாளைக்கு யார் மருந்து கலக்கப் போகிறாரோ அவர் கையால்தான் இந்தப் பத்து முறையும் நிரப்ப வேண்டும். வீட்டுக்காரர் நிதானமாக நிரப்பி எடுத்த எண், மேஸ்திரி கைக்குப் பொருந்தாது. இரண்டு பேர் மாறி மாறிக் கலப்பார்கள் என்றால் இரண்டு பேரும் பத்து முறை செய்யட்டும். வித்தியாசம் இருந்தால் அங்கேயே பேசிச் சரிசெய்யலாம். பெரும்பாலும் ஒருவர் குவளையைக் கீழே வைக்கும்போது 'டொக்' என்று வைப்பவராக இருப்பார். அந்த ஒரு தட்டிலேயே பொடி ஒரு நூல் இறங்கிவிடும், அதன் மேல் இன்னும் கொஞ்சம் போட்டு நிரப்பிவிடுவார்.

தராசில் காலித் தட்டை வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். ஒவ்வொரு குவளையையும் தட்டில் கொட்டி, எண்ணை எழுதி, பொடியைத் திரும்ப டப்பாவில் போட்டுக் கிளறிவிட்டு அடுத்ததை நிரப்புங்கள். பத்தையும் மொத்தமாகக் கொட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி வரும், ஆனால் குவளைக்குக் குவளை எவ்வளவு ஆடுகிறது என்பது மறைந்துவிடும். அந்த ஆட்டம்தான் நமக்குத் தெரிய வேண்டியது.

உதாரணத்துக்கு எண்கள் இப்படி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்: 39.2, 40.6, 38.8, 41.0, 39.7, 40.1, 39.4, 40.8, 39.0, 40.4. கூட்டினால் 399, சராசரி 39.9. மிகக் குறைந்தது 38.8, மிக அதிகம் 41.0. இரு பக்கமும் மூன்று சதவீதத்துக்குள் நிற்கிறது. இந்தக் குவளையை நம்பலாம்.

சராசரி 46 வந்தால் குவளை பெரிது. ஒரு மில்லிமீட்டருக்கு 0.4 கிராம் என்ற கணக்கில் 6 கிராமுக்கு 15 மில்லிமீட்டர் அறுக்க வேண்டும். 12 மட்டும் அறுத்துவிட்டு மறுபடி பத்து முறை பாருங்கள், மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்து இறக்கலாம்.

சராசரி சரியாக இருந்து, எண்கள் 35-க்கும் 45-க்கும் நடுவே ஆடினால் அறுப்பதில் பயனில்லை. குறை குவளையில் இல்லை, கையிலோ பொடியிலோ இருக்கிறது. 6-ஆம் படிக்குத் திரும்புங்கள். எண்கள் முதலிலிருந்து கடைசிவரை ஏறிக்கொண்டே போனால் நடுவில் கிளறாமல் விட்டிருக்கிறீர்கள். இறங்கிக்கொண்டே போனால் தராசின் பூஜ்ஜியம் நகர்கிறதா என்று பாருங்கள்.

முடிந்ததும் குவளையின் மேலேயே எழுதுங்கள்: மருந்தின் பெயர், எத்தனை கிராம், எந்த டேங்குக்கு, தேதி. பெயர் எழுதாத குவளை ஒரு மாதத்தில் வேறு மருந்துக்குப் போய்விடும்.

8. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைசலாக்கி அளங்கள்

இலைத்துருவுக்குக் காப்பிச் செடியில் 0.5 சதவீதமும், மிளகுக் கொடியின் வாடலுக்கு 1 சதவீதமும் போர்டோ கலவை, அதாவது துத்தமும் சுண்ணாம்பும் நீரில் சேர்ந்த மருந்து, அடிக்கிறோம். 200 லிட்டர் பேரலுக்கு 1 கிலோ துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு என்பது 0.5 சதவீதம். 100 லிட்டருக்கு அதே அளவு என்றால் 1 சதவீதம். முழுப் பேரலாகக் கலந்தால் கிலோ பாக்கெட்டை அப்படியே போடலாம், அளவுப் பிரச்சினையே இல்லை. நாலு கொடி, பத்துக் கொடிக்கு ஒரு டேங்க் மட்டும் கலக்கும்போதுதான் டம்ளர் கணக்கு வருகிறது.

"ஒரு டம்ளர் துத்தம், ஒரு டம்ளர் சுண்ணாம்பு" என்பது சரிக்குச் சரி போலத் தெரிகிறது. எடையில் அது சரிக்குச் சரி அல்ல. நீற்றிய சுண்ணாம்புப் பொடி லேசானது, துத்தம் கனமானது. டம்ளருக்கு டம்ளர் போட்டால் சுண்ணாம்பு பாதிக்குக் கீழே போய்விடும்.

பாதி சுண்ணாம்பு போதாதா என்று ரசாயனம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1 கிலோ துத்தத்தை முறிக்கக் கணக்குப்படி சுமார் 300 கிராம் சுத்தமான நீற்றுச் சுண்ணாம்பு போதும். ஆனால் நம் கையில் இருப்பது சுத்தமான சுண்ணாம்பு அல்ல. காற்றுப் பட்டுப் பட்டு ஒரு பகுதி ஏற்கெனவே செத்துப்போயிருக்கும், அது துத்தத்தை முறிக்காது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சரிக்குச் சரி என்ற அளவு. டம்ளர் கணக்கு அந்த உபரியைத் தின்றுவிடுகிறது. பழைய சுண்ணாம்பும் டம்ளர் கணக்கும் ஒரே நாளில் சேர்ந்தால் முறியாத செம்பு மிஞ்சி இலை கருகும்.

வழி இதுதான். திரவத்தைத் தட்டினாலும் குலுக்கினாலும் கனம் மாறாது. ஆகவே பொடியை ஒரு தடவை எடை போட்டுத் திரவமாக்கிவிட்டால், அப்புறம் லிட்டர் குவளையால் நிம்மதியாக அளக்கலாம்.

பிளாஸ்டிக் டிரம்மில் 1 கிலோ துத்தத்தைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, மொத்தம் 10 லிட்டர் வருமாறு நீர் சேருங்கள். துணியில் கட்டித் தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கவிட்டாலும் கரையும். அடியில் போட்டுவிட்டால் கனமான கரைசல் அங்கேயே தங்கி, மேலே நீர் தெளிவாக நிற்கும். இப்போது 1 லிட்டரில் 100 கிராம் துத்தம். 16 லிட்டர் டேங்குக்கு 1 சதவீதம் வேண்டுமானால் 160 கிராம், அதாவது 1.6 லிட்டர். இரும்பு, தகரம், அலுமினியப் பாத்திரம் கூடாது. துத்தம் அதை அரித்து, செம்பு பாத்திரத்தில் படிந்துவிடும்.

சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவை வேறொரு பெரிய பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நீர் தெளித்து நீற்றுங்கள். கொதித்துத் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள், கண்ணாடி கட்டாயம். நன்றாக ஆறியபின் 10 லிட்டராக்கித் துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும். கடையில் நீற்றுச் சுண்ணாம்புப் பொடியாக வாங்கினால் எடை மாறும். 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறினால் 1.32 கிலோவாகும், அதனால் பொடியில் 1.3 கிலோ எடுங்கள். சுண்ணாம்புப் பால் சும்மா நின்றால் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறை மொள்ளும் முன்னும் அடிவரை கலக்குங்கள். துத்தக் கரைசலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கலக்கும்போது சுண்ணாம்புப் பாலைப் பாதி நீரில் விட்டு, துத்தக் கரைசலை மீதி நீரில் விட்டு, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். கெட்டிக் கரைசல்கள் இரண்டையும் நேராகச் சேர்த்தால் திரிதிரியாகி இலையில் ஒட்டாது.

பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பு ஆணி அல்லது கத்தி முனையை ஒரு நிமிடம் கலவையில் வையுங்கள். சிவந்த படலம் ஏறினால் செம்பு மிஞ்சியிருக்கிறது, இன்னும் சுண்ணாம்புப் பால் விடுங்கள். அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள். சுண்ணாம்பின் தரத்தை எந்தத் தராசும் காட்டாது. கலவையை அன்றைக்கே அடித்துவிட வேண்டும். தனித்தனிக் கரைசலாக இருந்தால் மூடி வைக்கலாம்.

9. தோட்டத்தில் அளக்கும்போது

டப்பாவைத் தட்டையான பலகை மேல் வையுங்கள். சரிவில் வைத்தால் குவளை சாய்ந்து நின்று, தலைதட்டிய மேல்மட்டமும் சாய்ந்துவிடும். காற்றடிக்கும் பக்கம் முதுகைக் காட்டி உட்காருங்கள். காற்று குவியலைச் சீவிக்கொண்டு போனாலும் எடை குறையும், அந்தப் பொடி உங்கள் மேல் வராமல் இருப்பதும் முக்கியம்.

நாலைந்து டேங்குக்குள் முடிகிற வேலை என்றால் குவளையே வேண்டாம். முந்தின நாள் மாலை வீட்டில் 40, 40 கிராமாக எடை போட்டுச் சிறு பைகளில் கட்டிப் பெயர் எழுதி, பூட்டிய பெட்டியில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பெரிய தோட்டத்தில் நாளெல்லாம் அடிக்கும்போதுதான் குவளைக்கு வேலை.

குவளையில் அளந்ததை நேராக டேங்கில் கொட்டாதீர்கள். வாளியில் கொஞ்சம் நீரில் குழைத்து, அதைத்தான் டேங்கில் ஊற்ற வேண்டும். நேராகக் கொட்டினால் பொடி கட்டியாகி அடியில் தங்கும். 40 கிராம் சரியாக அளந்தும் முதல் வரிசைச் செடிக்குக் கெட்டியாகவும் கடைசி வரிசைக்கு வெறும் நீராகவும் போகும். வாளி நீர் குவளையில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் பட்ட குவளையின் உள்சுவரில் பொடி அப்பிக்கொள்ளும், அடுத்த அளவு குறையும். பட்டுவிட்டால் துணியால் துடைத்துவிட்டு அளங்கள்.

டேங்கை எண்ண ஒரு கூழாங்கல் முறை வைத்துக்கொள்ளுங்கள். டேங்குக்கு ஒரு கல் பையிலிருந்து பாத்திரத்துக்குப் போகட்டும். மாலையில் கல்லை எண்ணி, தீர்ந்த மருந்தை எடை போட்டு வகுத்தால் ஒரு டேங்குக்கு உண்மையில் எத்தனை கிராம் போனது என்று தெரியும். 12 கல், 500 கிராம் தீர்ந்தது என்றால் 41.7 கிராம். வீட்டில் வந்த 39.9-ஐ விட 4 சதவீதத்துக்கு மேல் கூடுதல். கை இறுக்கமாக நிரப்புகிறது, நாளைக்குச் சொல்ல வேண்டும்.

10. எப்போது மறுபடி பழக்க வேண்டும்

மருந்து மாறினால் கட்டாயம். அதே மருந்து வேறு கம்பெனியில் வாங்கினாலும் கட்டாயம், சத்து அளவு ஒன்றாக இருந்தாலும் பொடியின் நைசு ஒன்றாக இருக்காது. அதே கம்பெனியின் புதிய பொட்டலத்துக்கு மூன்று குவளை எடை போட்டுப் பார்த்தால் போதும். பழைய வரம்புக்குள் விழுந்தால் தொடரலாம், வெளியே விழுந்தால் பத்து முறை.

கலக்கும் ஆள் மாறினாலும், குவளை வாய் உடைந்து சில்லு போயிருந்தாலும், மழைக்காலம் தொடங்கினாலும் மூன்று குவளைச் சோதனை செய்யுங்கள். கோடைமழைக்குப் பிறகு, தென்மேற்குப் பருவமழைக்கு முன்பான முதல் தெளிப்புக்கு ஒரு தடவை, மழை குறைந்து அடுத்த தெளிப்புக்கு ஒரு தடவை என்று நோட்டில் இடம் விட்டுவையுங்கள்.

11. அடிக்கடி பார்க்கும் தவறுகள்

தீப்பெட்டி அளவு. பெட்டி எல்லாக் கம்பெனியிலும் ஒரே அளவு இல்லை, அட்டை ஈரத்தில் விரியும், வாய் அகலம், ஆழம் குறைவு. 5-ஆம் படியில் சொன்ன எல்லாக் கெடுதியும் அதில் உண்டு.

மருந்தோடு வந்த மூடியை வேறு மருந்துக்குப் பயன்படுத்துவது. அந்த மூடி திரவ மருந்துக்கு மில்லி கணக்கில் வந்ததாக இருக்கும். 25 மில்லி கோடு வரை பொடியைப் போட்டுவிட்டு 25 கிராம் என்று நினைப்பார்கள். மில்லியும் கிராமும் தண்ணீருக்கு மட்டும்தான் ஒன்று.

"கொஞ்சம் சேர்த்துப் போட்டால் நல்லா கேட்கும்" என்று குவித்து அளப்பது. தலைதட்டினால் ஒரே இடத்தில் நிற்கும். குவியல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் உயரம். அளவை உயர்த்த வேண்டிய காரணம் இருந்தால் கிராமில் முடிவு செய்து, குவளையை மாற்றுங்கள்.

குவளையை ஓடையிலோ ஊற்றிலோ கழுவுவது. செம்பு மீனுக்கு நஞ்சு, மலை மேல் அந்த ஊற்று நீரைக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். கடைசி டேங்கைக் கலக்கும்போதே குவளையையும் வாளியையும் கழுவி அந்த நீரை டேங்கிலேயே ஊற்றிவிடுங்கள். பிறகு குவளையைக் கவிழ்த்து, நன்றாகக் காயவிட்டு, மருந்து டப்பாவோடு சேர்த்துப் பூட்டி வையுங்கள்.